ஆர் கதைக்கிறது?

நான் எழுதிய முதல் சீரியல் வசனத்தில் ஒரு மருமகள் காப்பியை நீட்டிவிட்டு, "மாமி, சீனி காணுமா?" என்று கேட்பாள். 1997, சென்னை சாலிகிராமத்தில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒரு வீடு. இயக்குநர் தாளைப் பார்த்தார். "இது எப்பய்யா ஐயர் வீடாச்சு? சீனி ஏன் காணாமப் போச்சு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இலங்கையில், எங்கள் திருகோணமலையில் புருஷனின் அம்மா மாமிதான். சென்னையில் அவர் அத்தை. மாமி என்றால் பிராமண வீட்டு அம்மா. 'காணும்' என்றால் எங்களுக்குப் போதும். அவர்களுக்கு அது தொலைந்துபோன பொருள். மூன்று சொல்லில் இரண்டு பிழை. தாள் வேறொருவர் கைக்குப் போனது, நான் மறுபடி ஃபேர் காப்பி எழுதும் வேலைக்குத் திரும்பினேன்.

இன்று திருகோணமலையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு சென்னைத் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறேன். போன மாதம் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் பிள்ளைகள் இருவர் வந்து, "சீரியல் எழுதுறது எப்படி அங்கிள்?" என்று கேட்டார்கள். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்தில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்குப் பதினேழு வயது. படகில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அதை இப்போது விரிக்கப்போவதில்லை. சொல்ல வேண்டியது அதற்கு முந்தியது. எங்கள் வீட்டில் டிவி இருந்ததில்லை, ரேடியோ இருந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நாடகம் தொடங்கினாலும் அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டார். ரேடியோவைத்தான் அடுப்படி வாசலுக்கு இழுத்துக்கொண்டு வருவோம். தேங்காய் துருவுகிற சத்தத்துக்குள்ளும் யார் அழுகிறார், யார் அழுவதுபோல் நடிக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். "உவன் பொய் சொல்லுறான்" என்பார், நாடகத்தில் இருக்கும் பெண்டாட்டிக்கு அது தெரிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும். அந்த அடுப்படியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் அங்கே வருவேன்.

சென்னையில் எனக்கு வேலை கிடைத்தது கையெழுத்தால். அப்போதெல்லாம் வசனத்தைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுப்பார்கள். வசனகர்த்தா கிறுக்கியதை நடிகர்கள் வாசிக்கும்படி எழுதிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நாளுக்கு 75 ரூபாய் பேட்டா, மத்தியானச் சாப்பாடு. என் பெயர் 'சிலோன்'. கிறுக்கலைப் பிரதி எடுத்தவன் மெல்ல அதைத் திருத்தினேன், பிறகு விட்டுப்போன சீனை எழுதினேன், பிறகு முழு எபிசோடையும் எழுதினேன். டைட்டிலில் வேறொருவர் பெயர் வரும். இதை கோஸ்ட் எழுதுவது என்பார்கள். நான்கு வருஷம் பேயாக இருந்தேன். கசப்பு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த நான்கு வருஷமும் என் பிழைகளுக்குத் திட்டு வாங்கியது அவர், அதுவும் உண்மை. புதிதாக வருகிறவர்கள் ஒரு வருஷம் பேயாக இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் யாருக்கும் நீங்கள் எழுத்தாளராகத் தெரியமாட்டீர்கள், கையெழுத்து நல்ல பையனாகவே தெரிவீர்கள்.

அந்தக் காலத்தில் சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தேன். இடப்பக்கம் எங்கள் சொல், வலப்பக்கம் அவர்கள் சொல். கெதியா, சீக்கிரம். நித்திரை, தூக்கம். வடிவு, அழகு. கதைக்கிறது, பேசுறது. பேசுறது, திட்டுறது. கடைசி இரண்டும் என்னை நிறைய நாள் அலைக்கழித்தன. "அப்பா என்னைப் பேசினார்" என்று நான் எழுதினால் அங்கே யாரும் அழமாட்டார்கள். பஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுதான் அந்தத் தமிழைப் படித்தேன். பிறந்த ஊர்த் தமிழிலேயே எழுதுகிறவனுக்கு இந்தக் காது வாய்ப்பது கஷ்டம் என்று இப்போது தோன்றுகிறது. அவன் எழுதுவது எப்படி ஒலிக்கிறது என்று அவன் சோதிப்பதே இல்லை.

சரி, வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். மேலே சானலின் புரோகிராமிங் ஆட்கள். டிஸ்கஷனில் அடுத்த டிராக் முடிவாகும்: சொத்துச் சண்டையா, கலியாணமா, கடத்தலா. அதிலிருந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒன்லைன் என்ற கதைச்சுருக்கம், பிறகு சீன் ஆர்டர், கடைசியில் என் மேசைக்கு வரும். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் எங்களுக்கு. திங்கள் முதல் சனி வரை ஆறு எபிசோட். கூட்டிப் பாருங்கள், 132 நிமிடம். வாரத்துக்கு ஒரு முழுநீளப் படம், வருஷத்துக்கு 300க்கு மேல் எபிசோட். மூட் வரவில்லை என்று சொல்கிறவர்களை நான் கவிதை எழுதச் சொல்வேன்.

படம்பிடிப்பதும் எபிசோட் வரிசையில் நடக்காது. ஹால் சீன்கள் எல்லாம் ஒரு நாளில். ஒரு நடிகை நான்கு எபிசோடுகளின் சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டி, நான்கு காரணங்களுக்காக அழுவார். எதற்கு அழுகிறார் என்பது அந்தத் தாளில் இருந்தால்தான் அவருக்குத் தெரியும். அதனால் சீன் தலைப்பின் கீழே ஒரு வரி எழுதிவைப்பது என் பழக்கம்: 'மாத்திரை விஷயம் இவளுக்கு இன்னும் தெரியாது.' இந்த ஒரு வரிக்காகவே சில இயக்குநர்கள் என்னை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் மனைவி டப்பிங் கலைஞர். அவர் சென்னை வளசரவாக்கத்தில், நான் 2016இலிருந்து இங்கே. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது ஒரு மாதத்துக்கென்று வந்தவன் தங்கிவிட்டேன். (இப்படிச் சண்டையில்லாமல் பிரிந்திருக்கும் தம்பதியைத் தொடரில் வைத்தால் எந்தச் சானலும் ஒத்துக்கொள்ளாது.) கதாநாயகிகள் நிறையப் பேர் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறவர்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுப்பார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள், பிறகு என் மனைவி போன்றவர்கள் குரல் கொடுப்பார்கள். கலியாணம் கட்டிய புதிதில் அவர் என் தாள் ஒன்றைக் கையில் எடுத்து ஒரே ஒரு வரியை வாசித்துக் காட்டினார்: "நீங்க இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து எங்க அண்ணன எங்ககிட்ட இருந்து பிரிச்சு உங்க பக்கம் இழுத்துட்டீங்க." வாசித்து முடிக்க அவருக்கே மூச்சு வாங்கியது. "ப்ராம்ப்ட் பண்றவனும் சாவான், சொல்றவளும் சாவா, கடைசியில நான் சாவேன்" என்றார். அன்றிரவு அதை இப்படி மாற்றினேன்: "அண்ணி… நீங்க வந்தீங்க. எங்க அண்ணன் போயிட்டான்." அந்த வரியைத்தான் அந்த வாரம் ப்ரோமோவில் போட்டார்கள்.

அடுத்தது கால்ஷீட், அதாவது நடிகர்கள் எங்களுக்குத் தரும் நாட்கள். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு அக்கா என்னை மறித்து, "அந்தப் பிள்ளையை ஏன் தம்பி சாகக் குடுத்தனீங்கள்? என்ன பாவம் செய்தவள்?" என்று கேட்டார். அவள் சாகவில்லை, நடித்த பெண் கலியாணமாகிப் போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததால் சொல்லவில்லை. ஒரு நடிகர் விலகினால் எங்களுக்கு வழி நாலுதான்: வெளியூர் அனுப்பலாம், கோமாவில் போடலாம், 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போடலாம், கொல்லலாம். மாதத்துக்கு இரண்டு நாள்தான் வருவேன் என்கிறவர்களுக்குத் தொலைபேசி சீன் எழுதுவோம். ஒரே நாளில் பத்து அழைப்பை எடுத்துவைத்தால் ஒரு மாதம் ஓடும்.

கொல்வதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. உடலைக் காட்டக்கூடாது. கடலில் விழுந்தான், தேடினார்கள், கிடைக்கவில்லை. நடிகர் மனம் மாறினாலோ தொடர் சரிந்தாலோ திரும்பக் கொண்டுவரலாம். நானும் கொண்டுவந்திருக்கிறேன், இரண்டு தொடரில். இரண்டிலும் பார்வையாளர் கூடினார்கள்.

இங்கே வந்த பிறகு ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டு அன்ரி ஒருவர் தினமும் இரவு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு தொடர் பார்ப்பார். 2006இல் ஒரு பின்னேரம் கடைக்குப் போன அவருடைய மகன் இன்னும் வரவில்லை. ஒரு நாள் இரவு ஓடியது என் எபிசோட். செத்ததாக நினைத்த மகன் சனிக்கிழமை எபிசோடின் கடைசியில் வாசலில் நிற்கிறான், தாய் திரும்பிப் பார்க்கிறாள், படம் அப்படியே உறைகிறது: ஃப்ரீஸ், தொடரும். மூன்று முகத்துக்கு மூன்று ரியாக்‌ஷன், மேளம் வேறு. நான் பின்னால் கதிரையில் இருந்தேன், 'கட் நல்லா விழுந்திருக்கு' என்று நினைத்தபடி. அன்ரி அசையவில்லை. சவர்க்கார விளம்பரம் போனது, தங்க நகை விளம்பரம் போனது. பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "உண்மையாவே இப்படி வருவினமோ தம்பி?"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் வந்தார், வழக்கம்போல இருந்து பார்த்தார், மகன் வந்த வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிற சீனில் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு உடல் கிடைக்காத சாவை நான் எழுதுவதில்லை. டிஸ்கஷனில் அது வந்தால், "கோமா போடலாமே சார், ஆஸ்பத்திரி செட்டும் ரெடியா இருக்கு" என்று காசுக் கணக்குச் சொல்லித் திருப்பிவிடுவேன். உண்மையான காரணத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்; அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம், பிறகு "சிலோன் சென்டிமென்ட்" என்றார் ஒருவர். காசுக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது.

வியாழக்கிழமைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அன்றுதான் பார்வையாளரைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் ரேட்டிங் வரும். எந்த நிமிடத்தில் ஆட்கள் வேறு சானலுக்குப் போனார்கள் என்பது வரை பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் இயக்குநருக்கு வாழ்த்து, சரிந்தால் "வசனம் வீக்". வியாழன் மத்தியானம் போனைச் சைலன்டில் போட்டுவிட்டு உட்துறைமுக வீதிப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். அந்த எண்ணை வைத்து உங்கள் எழுத்தை எடைபோட்டால் மூன்று மாதத்தில் நோயாளியாகிவிடுவீர்கள். எதிர்ச் சானலில் அந்த வாரம் தாலி கட்டும் எபிசோட் ஓடியிருக்கலாம்.

இனி அந்த அடுப்படி.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. சென்னைக்கு அது தெரியுமா, தெரிந்துதான் என்ன? ஆறு எபிசோட் ஆறு எபிசோடுதான். லேப்டாப் செத்துவிட்டது. பெற்றோல் வரிசை வேறு. சீனன்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கிற ஊரில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றோம். மெழுகுதிரி வெளிச்சத்தில், தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பியில் எழுதினேன், இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய கையெழுத்து வேலை மாதிரி. படமெடுத்து அனுப்பினால் டவர் தாங்கவில்லை, பாதியில் நின்று சுழன்றது. கடைசியில் வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பினேன். அது சின்னது, எப்படியோ போய்ச்சேரும். அங்கே ஓர் உதவி இயக்குநர் கேட்டுத் தட்டச்சு செய்வார்.

முதல் இரவு. நான்கு பெண்கள் சண்டைபோடும் ஹால் சீன். நான்கு பேருக்கும் என் ஒரே குரல். ஒரு பக்கம் வாசித்திருப்பேன். இருட்டில் சுவரோரம் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஆர் கதைக்கிறது?"

"மூத்த மருமகள் அம்மா."

"இப்ப?"

"இப்ப நாத்தனார். மச்சாள்."

"எனக்கென்னெண்டு தெரியும்?"

எரிச்சலாக இருந்தது. ஆனால் கொப்பியைப் பார்த்தேன். நான்கு பேரும் ஒரே ஆள். ஒரே நீளத்தில், ஒரே சூட்டில், ஒரே மாதிரி அடுக்கிப் பேசுகிறார்கள். திரையில் முகம் இருக்கும், சேலை நிறம் இருக்கும் என்று நினைத்து இத்தனை வருஷம் தப்பித்திருக்கிறேன். தொடர் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் கண்ணால் பார்க்கிறார்கள்? அம்மா பார்ப்பதில்லை. கறி அடுப்பில் இருக்கும், டிவி ஹாலில் இருக்கும், அம்மா நடுவில் வாசல் நிலையில் சாய்ந்து இலை உருவுவார். சென்னையில் என் மாமியாரும் அப்படித்தான், பூண்டு உரிப்பார். அவர்களுக்கு இது இன்னும் ரேடியோதான், பக்கத்தில் படமும் ஓடுகிறது.

அந்த இரவு சீனை மறுபடி எழுதினேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பழக்கம் வைத்தேன். மூத்தவள் எதையும் கேள்வியாகவே சொல்வாள். இரண்டாமவள் சொன்னதை இரண்டுதரம் சொல்வாள். நாத்தனார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், "அவங்க", "இவங்க" என்பாள். மாமியார் வாக்கியத்தை முடிப்பதில்லை. வாய் திறந்ததும் முதல் மூச்சிலேயே உறவுமுறை வரவேண்டும்: "அத்தை", "அண்ணி", "ஏண்டி". தொடர்களில் ஏன் எல்லாரும் வரிக்கு வரி 'அத்தை' என்கிறார்கள் என்று கேலி செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். சொல்கிறவள் யார், கேட்கிறவள் யார் இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாக அது நடக்காது.

கரண்ட் திரும்பி வந்து வருஷங்களாகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எழுதியதைப் போனில் பதிந்து, அடுத்த அறையில் வைத்துக் கேட்பேன். யார் என்று தெரியாத வரியைச் சுற்றி வட்டம் போடுவேன்.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், பிள்ளைகள் அதைத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் கேட்டார்கள். எபிசோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. பேச்சுத்தான், கடிதம் பெரும்பாலும் இருக்காது. ஒருமுறை ஒரு தயாரிப்பாளரிடம் 74 எபிசோடுக்குப் பாக்கி நின்றது. "அடுத்த மாசம் சேர்த்து வாங்கிக்குங்க" என்பார், நானும் உறவு கெடக்கூடாதென்று இருந்தேன். திடீரென்று சானல் இரண்டு வாரத்தில் தொடரை முடிக்கச் சொன்னது. தந்த காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது, அவர் போன் எடுக்கவில்லை. அதிலிருந்து 26 எபிசோடுக்கு ஒருமுறை கணக்கு எழுதி வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அவர்கள் கேட்காவிட்டாலும். பாக்கி நின்றால் சண்டை போடுவதில்லை, 27ஆவது எபிசோடின் கடைசி சீனை மட்டும் அனுப்பமாட்டேன். ஃப்ரீஸ் இல்லாமல் எபிசோடை முடிக்க முடியாது. இதுவரை அன்றைய பின்னேரத்துக்குள் காசு வந்திருக்கிறது.

எங்கள் ஊர்க் கதையை ஏன் எழுதவில்லை என்றும் கேட்டார்கள். சென்னைக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்தேன், திருகோணமலையில் ஒரு மீன்வாடிக் குடும்பம். "கதை ஓகே, ராமேஸ்வரத்துல வெச்சுக்கலாமா?" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. இங்கே விளம்பரச் சந்தை சின்னது. சொந்தமாகத் தொடர் எடுப்பதைவிட வெளியில் எடுத்ததை வாங்கிப் போடுவது மலிவு. இந்தப் பிள்ளைகள் யூடியூபுக்குப் பத்துப் பத்து நிமிடமாக எடுக்கப்போகிறார்களாம். எடுக்கட்டும்.

போன ஞாயிறு அவர்கள் ஒரு சீன் எழுதிக்கொண்டு வந்தார்கள். இரண்டு சகோதரிகள், உப்புவெளியில் ஒரு காணி, யாருக்கு என்று சண்டை. மொழி எங்கள் மொழி, 'மாமி' மாமியாகவே இருந்தது. வாசிக்க எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் தாளை வாங்காமல், விறாந்தையில் இருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அம்மா உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

அரைப் பக்கம் போனது. உள்ளேயிருந்து குரல் வந்தது. "பிள்ளை, உதில ஆர் மூத்தவ?"

அந்தப் பெண் தாளைப் புரட்டினாள். "மேல எழுதியிருக்கு அம்மம்மா."

"எழுதியிருக்கும். எனக்குக் கேக்கேல்லையே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன் காதில் செருகியிருந்த பேனையை எடுத்தான், அவள் அதைப் பிடுங்கி மூன்று வரியை வெட்டினாள், மேலே ஒரு சொல் எழுதினாள், அதையும் வெட்டினாள். உள்ளே கத்தி பலகையில் படும் சத்தம் நின்றிருந்தது.

"சரி, திரும்ப வாசியுங்கோ" என்றார் அம்மா.